பாறை ஏறப் போகிறீர்களா? முதலில் இறங்கப் பழகுங்கள்

பாறையேற்றம் பழக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கையில ரொம்ப பலம் வேணுமா?" வேண்டாம். 34 வயதில் நான் தொடங்கியபோது கம்பியில் தொங்கினால் ஒரு தடவைகூட உடம்பை மேலே இழுக்க முடியாது. "மேலே போனதும் எப்படி இறங்குவது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கயிற்றில் நடக்கிற மோசமான விபத்துகளில் பல, ஏறி முடித்து "அப்பாடா" என்று மூச்சுவிட்ட பிறகு நடப்பவை. அதனால் இதை இறங்குகிற பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

நான் வந்த வழி, பெங்களூரில் செயற்கைச் சுவரில் பழகிவிட்டு, பிறகு வடகர்நாடகத்தின் பாதாமிக்குப் போனது. சென்னை, கோவை, சேலம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இந்த வழி ஒத்துவரும்.

எதில் தொடங்குவது

மூன்று வகை தெரிந்தால் இப்போதைக்குப் போதும். கயிறே இல்லாமல், குதித்துவிடக்கூடிய உயரத்தில், கீழே மெத்தை போட்டு ஏறுவது போல்டரிங். உள்ளரங்கச் சுவர் என்றால் நாலரை மீட்டர் உயரம் இருக்கும். கயிறு ஏற்கெனவே உச்சியில் மாட்டியிருக்க, ஒரு முனையை நாம் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுபக்கத்தைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறுவது டாப் ரோப். நழுவினால் ஓரிரு அடிக்குள் தொங்கிவிடுவோம். மூன்றாவது லீட். கயிற்றைக் கீழிருந்து நாமே இழுத்துக்கொண்டு போய், பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக மாட்டியபடி ஏற வேண்டும். கடைசி போல்ட்டுக்கு இரண்டு மீட்டர் மேலே நழுவினால் அந்த இரண்டு, அதற்குக் கீழே இன்னொரு இரண்டு, கயிற்றின் நீட்சி வேறு. ஐந்து மீட்டர் சாதாரணமாக விழுவோம்.

டாப் ரோப்பில் தொடங்குங்கள். கூடவே போல்டரிங். ஆறு மாதமாவது போகட்டும், லீட் அப்புறம்.

போல்டரிங்கில் கயிறு இல்லாததால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. யோசித்துப் பார்த்தால் அதில் ஒவ்வொரு விழுகையும் தரையில்தான் முடிகிறது. கணுக்காலும் மணிக்கட்டும் போவது அங்கேதான். முதல் நாளே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். இரண்டு பாதமும் சேர்ந்து மெத்தையில் பட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், அப்படியே உட்கார்ந்து முதுகால் பின்னோக்கி உருள வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது எல்லோருக்கும் வரும் இயல்பு. அந்த இயல்பை மறப்பதற்குத்தான் பயிற்சி. அதேபோல் உச்சியைத் தொட்டதும் குதிக்காமல், பெரிய பிடிகளாகப் பார்த்துப் பாதி உயரமாவது ஏறியபடியே இறங்கி வாருங்கள்.

சுவரில் முதல் இரண்டு மாதம்

வாரம் இரண்டு நாள் போதும், மூன்று அதிகபட்சம். தசை ஒரு மாதத்தில் பலம் பிடித்துவிடும். விரல் தசைநார்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். இரண்டாவது மாதத்தில் உற்சாகமாகிச் சின்னச் சின்னப் பிடிகளில் தொங்குகிறவர்களுக்கு, ஒருநாள் விரலுக்குள் 'டப்' என்று சத்தம் கேட்கும். அப்புறம் பல வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விரல் பலகையில் தொங்கும் பயிற்சியை முதல் வருடம் தொடவே வேண்டாம்.

ஏறுவது காலால். கை, உடம்பு பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு. ஷூவின் நுனியை, பெருவிரல் பக்கத்தை, பிடியின் மேல் வையுங்கள். நடுப்பாதத்தை வைத்தால் திரும்ப முடியாது. பாதத்தை வைக்கும்போது சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் பார்க்காமல் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் முன்கை உலக்கை மாதிரி விறைத்துப்போகும். கையை நீட்டித் தொங்கிக்கொண்டு அடுத்த கால் எங்கே என்று தேடுங்கள்.

இன்னும் சில்லறை விஷயங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். பிடியில் மோதிரம் சிக்கி விரல் தோலே உரிந்து வந்த சம்பவங்கள் உண்டு. மெட்டியோடு இந்த ஷூவுக்குள் கால் போகாது, போனாலும் உயிர் போகும். நீளக் கூந்தலையும் தாலிச் செயினையும் உடைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கயிறு ஓடும் கருவிக்குள் சிக்கினால் நடுவானில் கழற்ற முடியாது.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதல் மாதம் எதுவும் வாங்க வேண்டாம், வாடகைக்கே எடுங்கள். பிறகு முதலில் ஷூ. விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், லேசாக மடங்கலாம், வலிக்கக் கூடாது. "இரண்டு சைஸ் சின்னதா எடு" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆலோசனை பத்து வருடம் ஏறியவர்களுக்கு. மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.

அடுத்து சாக் பை. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட், கைவியர்வையை உறிஞ்சும். நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் நடக்காது. அதன்பின் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), தலைக்கவசம், பூட்டுள்ள காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) ஒன்று, கீழே நிற்பவர் கயிறு பிடிக்கும் பிலே கருவி ஒன்று. கயிறு கடைசியில்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹார்னஸையும் கயிற்றையும் ஒருநாளும் பழையதாக வாங்காதீர்கள். வெளியே பளபளவென்று இருக்கும் கயிற்றின் மேல் யாருடைய கார் பேட்டரி அமிலம் சிந்தியது என்று உங்களுக்குத் தெரியாது. அமிலம் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், பாரம் விழும்போது அறுந்துபோகும்.

கயிற்றிலும் இரண்டு ஜாதி. கட்டட வேலைக்கும் மீட்புப் பணிக்கும் பயன்படும் ஸ்டாட்டிக் கயிறு அதிகம் நீளாது. நமக்கு வேண்டியது டைனமிக் கயிறு. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 892 சோதனையில், ஒரு பெரிய விழுகையின்போது 40 சதவீதம் வரை நீள அதற்கு அனுமதி உண்டு. அந்த நீட்சிதான் உங்கள் முதுகெலும்பைக் காப்பாற்றுவது. நீளாத கயிற்றில் லீட் ஏறி விழுந்தால் கயிறு அறாது, விழுந்தவர் உடம்பு அடிவாங்கும். தாம்புக் கயிறு, லாரிக் கயிறு பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் ஒருவர் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காரபைனரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ எடை தொங்குவதற்குச் சமம். குறுக்குவாக்கிலும், வாய் திறந்த நிலையிலும் தரநிலை கேட்பது ஏறத்தாழ 7 மட்டுமே. பூட்டைத் திருகாமல் விட்டாலோ, காரபைனர் சுழன்று குறுக்காக நின்றாலோ பலம் மூன்றில் ஒன்றுதான். சாவிக்கொத்துக்கு விற்கிற காரபைனரில் இந்த எண்கள் இருக்காது. சி.இ. (ஐரோப்பியத் தரநிலை) அல்லது யூ.ஐ.ஏ.ஏ. (பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரை இல்லாத எதையும் உயிருக்கு நம்ப வேண்டாம்.

முடிச்சும், கயிறு பிடிப்பவரும்

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

லின் ஹில் என்ற அமெரிக்கர் 1993ல் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் எல் கேப்பிட்டன் பாறைச்சுவரில் 'தி நோஸ்' என்ற வழியை, கயிறு விழுகையைத் தாங்குவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, முதல் ஆளாக ஏறி முடித்தவர். அதற்கு நான்கு வருடம் முன்னால், 1989ல், பிரான்சின் பியூ பாறையில் ஓர் எளிய வழியில் ஏறினார். முடிச்சைப் பாதி போட்டவர், ஷூ நாடா கட்டப் போனதில் மீதியை மறந்துவிட்டார். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேலே போய் இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது முடிச்சு உருவிக்கொண்டது. இருபது மீட்டருக்கு மேல் விழுந்து, ஒரு மரக்கிளை தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவரே மறந்தார் என்றால் நீங்களும் நானும் மறப்போம். அதனால் நினைவை நம்பாமல், ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை நம்புகிறோம்.

நாம் கட்டுவது எட்டு முடிச்சு. முதலில் கயிற்றில் ஓர் எட்டு போட்டு, முனையை ஹார்னஸின் கால்பட்டை வளையம், இடுப்புப்பட்டை வளையம் இரண்டுக்குள்ளும் நுழைத்து, அதே எட்டின் தடத்தைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும். முடிந்ததும் எண்ணுங்கள்: எங்கே பார்த்தாலும் இழைகள் இரண்டிரண்டாக, மொத்தம் ஐந்து ஜோடி இருக்கும். முனை ஒரு சாண் அளவாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டத் தொடங்கினால் முடிக்கும்வரை யாரோடும் பேசாதீர்கள். நான் கட்டும்போது மனைவி பேசினாலும் பதில் வராது.

ஏறுவதற்கு முன் இருவரும் எதிரெதிரே நின்று பார்க்க வேண்டியவை: இருவர் ஹார்னஸ் பக்கிளும் இறுகியிருக்கிறதா, முடிச்சு சரியா, பிலே கருவிக்குள் கயிறு சரியான பக்கமாகப் போகிறதா, காரபைனர் பூட்டியிருக்கிறதா. பார்த்தால் போதாது, விரலால் அழுத்திப் பாருங்கள். கடைசியாக, கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கயிறு பிடிப்பவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கை, அதாவது பிடிகை, மேலே இருப்பவர் தரையைத் தொடும்வரை கயிற்றைவிட்டு அகலக் கூடாது. கொசு கடித்தாலும், போன் அடித்தாலும். கிரிகிரி போன்ற கருவிகள் கயிறு வேகமாக ஓடினால் தாமே இறுக்கிப் பிடிக்கும். ஆனால் இறக்கும்போது அதன் நெம்புகோலை முழுவதும் இழுத்துவிட்டால் இறுக்கம் விட்டுப்போகும். புதியவர் பதறினால் விடுவதற்குப் பதில் இன்னும் இழுப்பார், அதுதான் ஆபத்து. அதனால் கருவி எதுவானாலும் பிடிகை பிடிகைதான். இறக்கும்போது சீராக, லிஃப்ட் வேகத்துக்கும் குறைவாக இறக்குங்கள். மேலே இருப்பவர் உங்களைவிட இருபது கிலோ கூடுதல் என்றால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவர் விழுந்தால் நீங்கள் சுவரை நோக்கித் தூக்கப்படுவீர்கள்.

இருவரும் பேசிக்கொள்ளும் சொற்களை ஏறுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். கயிற்றை இறுக்கு என்றால் 'டேக்', தளர்த்து என்றால் 'ஸ்லாக்', இறக்கு என்றால் 'லோவர்'. முன்னால் பெயரைச் சேர்த்துக் கத்துங்கள், பக்கத்து வழியில் இன்னொருவரும் 'டேக்' என்று கத்திக்கொண்டிருப்பார். 'ஓகே' என்ற சொல்லை மட்டும் பாறையில் தடை செய்துவிடுங்கள். ஒருமுறை நான் உச்சியில், கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் பதித்திருக்கும் சங்கிலியைத் தொட்டுவிட்டு, மகிழ்ச்சியில் "ஓகே!" என்றேன். "நான் இங்கே பத்திரமாக இருக்கிறேன், நீ கயிற்றை விடலாம்" என்று கீழே இருந்த நண்பர் புரிந்துகொண்டு, கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடப் போனார். நான் சாய்வதற்குத் தயாராக ஒரு கையால் சங்கிலியைப் பிடித்திருந்தேன். சாயும் முன் கீழே எட்டிப் பார்க்கிற வழக்கம் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து, கயிறு இறுகி இடுப்பில் இழுப்பதை உணராமல் சங்கிலியை விடுவதில்லை.

பாதாமிக்கு

வாதாபி கணபதி என்கிறோமே, அந்த வாதாபிதான் பாதாமி. 642ல் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் படையெடுத்துப் பிடித்த சாளுக்கியத் தலைநகரம். ஊரைச் சுற்றிச் செந்நிற மணற்கல் பாறைகள், தட்டுத் தட்டாக, நல்ல விளிம்புப் பிடிகளோடு நிற்கின்றன. போல்ட் அடித்த வழிகள் பல இருப்பதால் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் இங்கேதான் வருகிறார்கள். வழிகளின் கடினத்தைப் பிரெஞ்சு அளவில் சொல்வார்கள். 4, 5 என்றால் புதியவருக்கு, 6ஏ என்றால் சுவரில் சில மாதம் பழகியவருக்கு. ஊரில் 'கணேஷா' என்ற வழி 8பி பிளஸ். அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம், முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்.

ஹம்பிக்கு முதலில் போகலாமா என்று கேட்பார்கள். அது கருங்கல் உருண்டைகளின் ஊர், போல்டரிங்குக்கானது. இரண்டாம் நாளே விரல்நுனித் தோல் போய்விடும். சாவனதுர்கா பெங்களூருக்குப் பக்கம்தான், ஆனால் அந்த வழுக்குச் சரிவில் போல்ட்டுகள் வெகு தூரம் தள்ளித் தள்ளி இருக்கும். தலையிடாதீர்கள். ராமநகரத்தில் ராமதேவர பெட்டா 2012லிருந்து பாறுக் கழுகுகளின் சரணாலயம், பாறை இடுக்குகளில் அவை கூடு கட்டுகின்றன, அங்கே ஏறும் எண்ணத்தை விடுங்கள். நம் பக்கத்திலும் மாமல்லபுரம், நாமக்கல் கோட்டைப் பாறை என்று கை அரிக்க வைக்கும் இடங்கள் எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதாமியிலும் குகைக் கோயில்கள், கோட்டை இருக்கும் எல்லைக்குள் ஏறக் கூடாது. எந்தப் பாறையில் இப்போது ஏற விடுகிறார்கள் என்பதைப் போகுமுன் உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். பெங்களூரிலிருந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் பாதாமி. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். முதல் பயணத்துக்குச் சான்று பெற்ற பயிற்சியாளர் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். கயிற்றை உச்சியில் மாட்டுவதும், முடிந்தபின் சங்கிலியிலிருந்து கழற்றிக்கொண்டு வருவதும் அவர் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு அந்த உயரத்தில் செய்து பார்க்கிற வேலை அது இல்லை. தரையில் ஒரு மரத்தில் சங்கிலி கட்டி ஐம்பது தடவை செய்து பழகிய பிறகுதான் மேலே.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், கடலை மிட்டாய். பையை ஜிப் போட்டு மூடுங்கள், குரங்குகள் சாக் பையைக்கூட விடாது. முதல்நாள் மழை பெய்திருந்தால் அன்று ஏறாதீர்கள். மணற்கல் ஈரத்தை உறிஞ்சிப் பலம் குறையும், பிடி கையோடு பெயர்ந்து வரும். பாறைக்கு அடியில் நிற்கும் எல்லோருக்கும் தலைக்கவசம், ஏறாதவருக்கும். கல் விழுந்தால் 'ராக்' என்று கத்துவார்கள். அப்போது மேலே பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

தேனீ விஷயம் வெளிநாட்டுக் கையேடுகளில் அவ்வளவாக இருக்காது. தென்னிந்தியப் பாறைகளில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புகளுக்கு அடியில் மலைத்தேனீ அடை, கரிய பிறை மாதிரித் தொங்கும். நீலகிரியில் குறும்பர்கள் கொடி ஏணியில் இறங்கித் தேன் எடுப்பதும் இந்தத் தேனீயிடம்தான். அவர்களுக்குப் புகையும் தலைமுறை அறிவும் துணை, நமக்கு இரண்டும் இல்லை. அடை தெரிகிற பாறையை விட்டு வேறு பாறைக்குப் போங்கள். சென்ட் வேண்டாம், சிகரெட் வேண்டாம், கூச்சல் வேண்டாம். கலைந்துவிட்டால் ஏறுபவரை உடனே இறக்கிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், பொருட்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இதற்காகவும்தான் கயிற்றைத் தரையில் சிக்கலில்லாமல் குவித்து வைக்கச் சொல்வது. சிக்கிய கயிற்றில் ஒருவரை அவசரமாக இறக்க முடியாது.

அவசரத்துக்கு 108. பெரிய மருத்துவமனைக்குப் பாகல்கோட்டை வரை போக வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று கிளம்புமுன் பாலிசியைப் பாருங்கள். பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

கடைசி முடிச்சு

கயிற்றின் மறுமுனை முடிச்சு ஏன் என்று இப்போது சொல்கிறேன். கயிறு கீழிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பி வருகிறது. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் உயரத்திலிருந்துதான் இறக்க முடியும், முடிச்சுகளுக்குப் போனது கழித்தால் இன்னும் குறைவு. வழி 32 மீட்டர் என்று வையுங்கள். ஏறும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. இறக்கும்போது, மேலே இருப்பவர் தரைக்கு இன்னும் நான்கு மீட்டர் இருக்கையில், முனை கருவிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். முனையில் முடிச்சு இருந்தால் கருவியில் வந்து முட்டி நிற்கும். பத்து விநாடி வேலை. ஏறும் வழியின் உயரத்தையும் கயிற்றின் நீளத்தையும் தினமும் சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முன்பு வெட்டிய கயிறு என்றால் எவ்வளவு வெட்டியது என்பதையும்.

ஊர் திரும்பியதும் கயிற்றை முழுதும் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல்களால் தடவிப் பாருங்கள். உள்ளே தட்டையாகவோ, கொளகொளவென்றோ ஓரிடம் தட்டுப்பட்டால், அல்லது உறை நைந்து வெள்ளை உள்ளிழை தெரிந்தால் அந்தக் கயிறு முடிந்தது. அழுக்காகியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் வேண்டாம். ஏறாமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அடிக்கடி ஏறுகிறவருக்கு இரண்டு மூன்று வருடம் வந்தாலே பெரிது.

என் முதல் கயிறு ஓய்வு பெற்று சேலத்து வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடியாக இருக்கிறது. இன்னும் நீட்சி போகவில்லை, ஈரப் போர்வை போட்டால் தரையைத் தொடுகிறது என்று அம்மாவுக்கு அதன்மேல் தீராத குறை.